ஒன்பதாவது கட்டம்

படிவத்தின் ஏழாவது கட்டம்
மரங்களின் எண்ணிக்கையைக் கேட்கிறது.
எட்டாவது, அவற்றின் சராசரி உயரம்.
ஒன்பதாவதில் இரண்டே விடைகள்:
காடு. தரிசு.
ஒன்றை அடிக்க வேண்டும்.

எஸ்பின்யாசு மலைமுதுகு. காலை ஒன்பதரை.
காற்று தாளைப் பிடுங்குகிறது.
அலுமினியச் சட்டத்தைத் தரையில் வைக்கிறேன்,
பக்கத்துக்கு ஒரு மீட்டர்.
சுரங்கக் கம்பெனியின் ஜீப்பில் சாய்ந்தபடி
தொரோத்தேயு சிரிக்கிறான்:
"புல்லுக்கு ஜன்னல் வைக்கிறாயா, லுசிமாரா?"

மண்டியிட்டால்தான் தெரியும்.
உப்பைப்போல் கண்கூசும் குவார்ட்ஸ் மணல்.
நூல்காம்பில் பொத்தான் பொத்தானாய் வெள்ளைப் பூத்தலைகள்.
பாறை வெடிப்பில் மஞ்சளாய் ஓர் ஆர்க்கிட்.
பனித்துளி வேஷமிட்டு ஈ பிடிக்கும் செம்மயிர் இலை.
இன்னொன்று
தன் இலைகளை மணலுக்கடியில் ஒளித்துவைத்து,
மேலிருந்து கசியும் வெளிச்சத்தைக் குடித்தபடி
கண்ணுக்குத் தெரியாத புழுக்களைத் தின்கிறது.
பசிக்குத்தான் எத்தனை சாமர்த்தியம்!
நாற்பத்தொன்று.
இல்லை, நாற்பத்திரண்டு.
என் முழங்காலுக்கடியில் ஒன்று.

சட்டத்தை முப்பதடி தள்ளி வைத்தால்
பாதிப் பெயர்கள் மாறிவிடுகின்றன.

எமாப் பறவையின் கெண்டைக்கால் என்று
இந்த ஊரார் அழைக்கும் செடி என் தோளளவு நிற்கிறது,
போன ஆண்டுத் தீயில் கருகிய தண்டு,
உச்சியில் ஊதாப் பூ.
ஆண்டுக்கு ஓர் அரிசியின் நீளம்கூட வளராது.
முதல் ஆள் வைரம் தேடி
இந்த ஓடையைக் கலக்கியபோது
முழங்கால் உயரத்தில் நின்று பார்த்திருக்கும்.

சாலையோரம் மட்டும்தான் பச்சை.
லாரிகளுக்காகச் சுண்ணாம்புக்கல் கொட்டி அகலப்படுத்தினார்கள்.
மண்ணுக்கு ருசி தட்டிவிட்டது.
மாடுகளுக்கென்று ஆப்பிரிக்காவிலிருந்து வந்த புல்
இடுப்பளவு தழைத்து, கொழுத்து,
கீழே ஒரு பொத்தான் பூவைக்கூட விடவில்லை.
பட்டினியால் சாகாத நிலம் இது,
ஊட்டினால் செத்துப்போகும்.

ஆய்வகத்தில் நூறு விதைகளைக் கீறிப் பார்த்தேன்,
தொண்ணூற்று மூன்று பதர்.
மூன்று வருடத்தில் முளைத்தவை இரண்டு.
அதிலொன்றுக்கு, பாவம் வாடுகிறதே என்று,
உதவியாளன் கிளேபெர்சன்
ஒரு கரண்டி எரு போட்டான்.
ஒன்று மிச்சம்.

ஆனாலும் கடிதம் சொல்கிறது:
தோண்டப்போகும் மலைக்கு இழப்பீடாக
எட்டாயிரம் யூக்கலிப்டஸ் கன்றுகள்,
மழைக்கு முன்.

வல்திவீனா பாறைக்குகையிலிருந்து இறங்கி வருகிறாள்.
பறித்துக் காயவைத்த பூக்கட்டு தலையில்,
கிலோவுக்கு இவ்வளவென்று
ஞாயிறன்று விலை படியும்.
படிவத்தை எட்டிப் பார்த்தவள்
எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள்.
"தரிசா?
அப்படியானால் மே மாதம் முழுக்க
நான் எதைப் பறித்தேன்?"

வேர் வராமல் காம்பைக் கிள்ளுவது எப்படி என்று
நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.
தண்ணீர் கேட்டாள், குடித்தாள்,
என் சட்டத்தை மிதிக்காமல் சுற்றிப் போனாள்.

ஏழில் பூஜ்யம் எழுதுகிறேன்.
எட்டில் பூஜ்யம்.
ஒன்பதில் இரண்டையும் அடித்துவிட்டு
ஓரத்தில் பெயர்களைத் தொடங்குகிறேன்,
லத்தீன் தெரிந்தவற்றுக்கு லத்தீன்,
மற்றவற்றுக்கு வல்திவீனா வைத்தது,
இரண்டும் இல்லாத மூன்றுக்கு
காம்பின் நிறம்.

பத்தொன்பதில் ஓரம் தீர்ந்துவிட்டது.
தொரோத்தேயு ஹாரன் அடிக்கிறான்.
தாளைத் திருப்புகிறேன்.
பின்பக்கத்தின் உச்சியில் அச்சிட்டிருக்கிறது:
இங்கே எதுவும் எழுத வேண்டாம்.

இருபது.